மூன்று நாள் தரிசனம்

(திருவொற்றியூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய தாளையும் படத்தையும் உலோகத்தையும் கெடாமல் வைத்துக்கொள்வது எப்படி, கெடாமல் பிறருக்குக் காட்டுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் எழும்பூர் மியூசியத்துக்காரர்கள் கவலை, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தத் தொழிலின் முதல் விதியை ஆண்டுதோறும் செய்து காட்டுவது உங்கள் ஊர்க் கோயில்தான்.

தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் விலகுகிறது. புற்று மண்ணாலான திருமேனி என்பதால் தண்ணீர் ஊற்றுவதில்லை. புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். அந்த மூன்று நாளும் சன்னதித் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கும்பிடப் போகிறவர்கள் கும்பிடட்டும். என் தொழில் கண்ணுக்கு இது வேறு ஒன்றாகவும் தெரிகிறது. எளிதில் கெடக்கூடிய ஒரு பொருளை யாரும் பார்க்காதபடி பூட்டியும் வைக்கவில்லை, தினமும் திறந்தும் போடவில்லை. மூடியிருப்பது வழக்கம், திறப்பது விசேஷம். நம் அருங்காட்சியகங்களிலும் நூலக வரவேற்பறைகளிலும் நடப்பது இதற்கு நேர் எதிர். ஆண்டு முழுக்கத் திறந்தே கிடக்கும். யாராவது ஒருநாள், படம் வெளுத்துவிட்டதே என்று கவனிப்பார்.

ஒரு பொருளைக் காட்டுவது என்றால் அதைச் செலவு செய்வது. நான் இன்று சொல்ல வந்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் கணக்கு. வட்டி வராத சேமிப்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க எடுக்கக் குறையும், திரும்பப் போட வழியே இல்லை. ஒரு கையெழுத்துக் கடிதத்தின் மை, ஒரு வண்ணப் புகைப்படத்தின் சாயம் எல்லாம் அப்படிப்பட்ட சேமிப்புதான். வெளிச்சம் படும் ஒவ்வொரு மணி நேரமும் அதிலிருந்து கொஞ்சம் போகிறது. விளக்கை அணைத்தால் வெளிச்சத்தால் போவது நிற்கும், போனது திரும்பாது.

கணக்கை எண்ணிலேயே சொல்கிறேன். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். தாள், துணி, பனையோலை போன்றவற்றுக்கு 50 லக்ஸ் போதும் என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் ஏற்றுக்கொண்ட அளவு. உள்ளே நுழைந்ததும் மங்கலாகத் தெரியும், இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும். நம் ஊர் நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரும். குறைந்த வெளிச்சம் நீண்ட நேரம் பட்டாலும், அதிக வெளிச்சம் கொஞ்ச நேரம் பட்டாலும், பெருக்கிப் பார்த்தால் சேதம் ஏறக்குறைய ஒன்றுதான். 50 லக்ஸில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வைத்தால் 400. வெயிலில் ஒரே ஒரு மணி நேரம் வைத்தால் ஒரு லட்சம். வகுத்துப் பாருங்கள்: 250 நாள். ஈரம் காயட்டும் என்று தாத்தாவின் கடிதத்தை மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் விரித்து வைத்தால், எட்டு மாதக் கண்காட்சிக்கு மேல் ஒரே மத்தியானத்தில் நடத்தி முடித்தாயிற்று. இதில் வெயிலில் வரும் புற ஊதாக் கதிரை நான் சேர்க்கவே இல்லை. அது தனிக்கணக்கு, இன்னும் மோசம்.

வெளிச்சம் மட்டுமே எதிரி என்றால் இருட்டில் வைத்தால் போதும். ஆனால் காட்டுவதற்காக நாம் செய்கிற ஏற்பாடே பொருளைத் தின்றுவிடுவதும் உண்டு. அதற்கு நம் நகரத்திலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமராவதி ஸ்தூபத்துச் சிற்பங்களை எழும்பூரில் பார்த்திருப்பீர்கள். பளிங்கு என்று சொல்கிறார்களே தவிர, அது கிருஷ்ணா நதிக்கரைப் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். 1797 வாக்கில் காலின் மெக்கன்சி அந்த மேட்டைப் பார்த்தார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன. வந்தவற்றுக்குக் கூரை இல்லை. மியூசியமே 1851-இல்தான் பிறந்தது. ஆண்டுக்கணக்காக வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் கிடந்தன. 1859-இல் 121 கற்களைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அங்கும் கிடங்கும் வண்டிக்கொட்டகையும்தான். சில கற்கள் லண்டன் குளிர்காலத்தில் வெளியே நின்றன. 1860களின் நடுவில் ஜேம்ஸ் பெர்குசன் தேடிப்போய் அவற்றைக் கண்டு 1868-இல் புத்தகம் போட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1880-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. 1992-இல்தான் அவற்றுக்கென்று குளிர்சாதனம் பொருத்திய, கண்ணாடி போட்ட தனிக் கூடம் கிடைத்தது. தோண்டியெடுத்ததிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு.

இங்கே எழும்பூரில் என்ன நடந்தது? 1880களில் ஜேம்ஸ் பர்ஜஸ் மீண்டும் அகழ்ந்து அனுப்பிய கற்கள் வந்து சேர்ந்தன. அவற்றை மக்கள் நன்றாகப் பார்க்க வேண்டும், விழுந்து உடையவும் கூடாது. நல்ல எண்ணம்தான். சிமென்ட் சாந்து குழைத்துக் கூடத்துச் சுவர்களிலேயே பதித்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது, அசையவும் இல்லை. ஆனால் சிமென்டில் கரையும் உப்பு உண்டு. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை குடிக்கும் சுவரிலும் உப்பு உண்டு. மழைக்காலத்தில் அந்த உப்பு தண்ணீரோடு கல்லுக்குள் நகரும். கோடையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் கல்லின் மேற்பரப்புக்கு அடியில் படிகமாகும். படிகமாகும்போது பெருக்கும். பெருக்கும்போது மேலே இருக்கும் மெல்லிய தோலைத் தள்ளும். அந்தத் தோலில்தான் சிற்பியின் உளி பட்ட மூக்கும் விரலும் இருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது. நூறு மழைக்காலத்தில் செதில் செதிலாக உதிரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டியது சிமென்ட் ஆயிற்றே, பெயர்த்து எடுக்கப்போனாலே கல் உடையலாம். நானூறு நானூற்றைம்பது கிலோமீட்டர் மாட்டுவண்டியையும் படகையும் தாங்கி வந்த கல்லுக்குத் தான் மாட்டிய சுவரே பகையானது.

இதிலிருந்து நாங்கள் படித்த பாடம் ஒன்று: திருப்பி எடுக்க முடியாத எதையும் செய்யாதே. ஒட்டினால் பிரிக்க முடிய வேண்டும், கட்டினால் அவிழ்க்க முடிய வேண்டும். இதே பாடத்தை உங்கள் வீட்டுப் பீரோவுக்கு இன்னும் சற்று நேரத்தில் கொண்டுவருகிறேன்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே எழும்பூர் மியூசியம்தான் 1930-இல் இரசாயனப் பாதுகாப்புக்கென்று ஒரு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. இந்திய அருங்காட்சியகங்களில் இந்த வேலைக்கு அதுதான் முன்னோடி. காரணம் வெண்கலச் சிலைகள். மண்ணுக்கடியில் கிடந்து வந்த செப்புத் திருமேனிகளில் வெளிர்பச்சைத் தூளாக ஒன்று பூக்கும். வெண்கல நோய் என்று சொல்வோம். உலோகத்துக்குள் குளோரைடு புகுந்திருக்கும். காற்றில் ஈரம் கூடினால் அது விழித்துக்கொண்டு அரிக்கும். துடைத்தால் போகும், அடுத்த மழைக்கு மறுபடி வரும். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே மின்பகுப்பு முறையில் இதற்கு வைத்தியம் பார்த்தார். நோயின் மூலம் உப்பு, அதை எழுப்புவது ஈரம். இந்த இரண்டையும் கேட்டவுடன் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது? எனக்கு இந்த ஊர்தான்.

வடசென்னைக் காற்றுக்கு வருகிறேன். கிழக்கே கடல். துறைமுகம் கட்டி, வாசலை வடகிழக்குக்கு மாற்றி, மணல் தெற்கே தேங்க, வடக்கே ராயபுரம் முதல் இங்கே வரை கரையைக் கடல் தின்று வந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கடல் தெருவுக்கு எவ்வளவு அருகே வந்ததோ உப்புத் தூறலும் அவ்வளவு உள்ளே வந்தது. மேற்கே மணலி: சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. வடக்கே அனல்மின் நிலையங்கள். 1970-இல் வந்த பழைய எண்ணூர் நிலையம் 2017-இல் நின்றுவிட்டது. அத்திப்பட்டுப் பக்கம் இன்னும் ஓடுகின்றன. 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு மாற்றும்வரை, ராயபுரத்திலும் பாரிமுனையிலும் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கருக்கும். தூசி நகர்ந்ததே தவிர ஒழியவில்லை, உங்கள் பக்கம் வந்துவிட்டது. அதற்கு இங்கே யாரும் கைதட்ட மாட்டீர்கள்.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைப் பேச மருத்துவர்கள் இருக்கிறார்கள், மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. தாளுக்கு என்ன ஆகிறது என்பது என் பங்கு. கந்தக வாயு தாளில் ஒட்டி, அதிலிருக்கும் ஈரத்தோடும் இரும்புத் துணுக்குகளோடும் சேர்ந்து அமிலமாகும். அமிலம் நாரை அறுக்கும். மடித்த இடத்தில் தாள் முதலில் ஒடியும். தோல் அட்டைப் புத்தகம் சிவந்த பொடியாக உதிரும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1843-இல் மைக்கேல் பாரடே லண்டன் அதீனியம் கிளப்பின் நூலகத்தில் நாற்காலித் தோலும் புத்தகத் தோலும் உதிர்வதைப் பார்த்து, குற்றவாளி அறையில் எரிந்த வாயு விளக்கின் கந்தகம்தான் என்று சொல்லிவிட்டார். மின்சாரத்துக்கு அடித்தளம் போட்ட அதே பாரடேதான். ஒரு கிளப்பின் விளக்குக்கே அந்த விளைவு என்றால் மணலிக்குக் கிழக்கே வசிக்கிற தாளின் கதியை யோசியுங்கள்.

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் அந்தப் படம் மஞ்சளாகி ஓரத்தில் ஈயம் பூசினதுபோல் மினுங்குவதும் ஒரே குடும்பத்து வியாதி. கல்யாண ஆல்பம் கோயம்புத்தூரில் இருக்கிற சித்தப்பா வீட்டில் நன்றாக இருக்கிறது, நம் வீட்டில் மட்டும் கெட்டுவிட்டது என்று யாராவது வீட்டம்மாவைக் குறை சொன்னால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, இங்கே காப்பாற்ற அப்படி என்ன இருக்கிறது?

1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அன்று வினியோகித்த நோட்டீஸ் எத்தனை பேர் வீட்டுப் பரணில் இருக்கிறதோ! 1946-இல் மாமன் மாப்பிள்ளை இந்தத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸின் ஆலை எண்ணூரில் வந்தது. 1955-இல் என்பீல்டு. விம்கோவில் தீப்பெட்டி செய்வது நின்று போய்விட்டது, பெயர் மட்டும் மெட்ரோ நிலையமாகிவிட்டது. இந்த ஆலைகளின் கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள் கம்பெனியிடம் இருக்கலாம். கேட் மீட்டிங் நோட்டீஸ், ஸ்டிரைக் காலத்துக் கைப்பிரதி, கேன்டீன் டோக்கன், சங்கத்து ரசீது, ஓய்வுபெற்ற நாளில் எடுத்த குரூப் போட்டோ எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. பெரும்பாலும் சாணித்தாளிலும் மலிவுக் காகிதத்திலும் அச்சானவை. மரக்கூழில் உள்ள லிக்னின் அந்தத் தாளை உள்ளேயிருந்தே மஞ்சளாக்கும். வெளியிலிருந்து நம் காற்று உதவி செய்யும். தொழிலாளி வரலாறு மிக மோசமான தாளில், மிக மோசமான காற்றில் இருக்கிறது. முதலாளி வரலாறு நல்ல தாளில், நல்ல அறையில் இருக்கிறது. இதைச் சொல்ல நான் அரசியல்வாதியாக இருக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு பேச்சு வந்தாலே, "நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாமே ஐயா" என்பார்கள். நல்ல இடம் என்றால் தெற்கே. மறைமலையடிகளின் நூல்களைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958-இல் லிங்கிச் செட்டித் தெருவில் நூலகம் வைத்தது. பிற்பாடு அது கன்னிமாரா வளாகத்துக்குப் போயிற்று. இடம் மாறியதில் நூல்கள் பிழைத்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்ததை அவர் 1992-இல் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. பொருள் அதன் மக்களுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

எதிர்க்கதையும் உங்கள் கோயில் மதிலிலேயே இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் இந்தக் கருவறையைக் கல்லால் எடுத்தவன் ரவி என்ற வீரசோழத் தச்சன். சதுரானன பண்டிதர் சொல்லி எடுத்தான். கொத்தனார் பெயரைக் கல்லில் வெட்டிய ஊர் இது. இதையும் இன்னும் ஏராளமான கல்வெட்டுகளையும் 1912-இல் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுத்தார்கள். கல்லின் மேல் ஈரத்தாளை விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்தில் அமுக்கி, மையொற்றி எடுக்கிற படி அது. துறையின் அலுவலகம் பிற்பாடு ஊட்டியில் இருந்தது, 1966-இலிருந்து மைசூரில். தமிழ்நாட்டு மைப்படிகள் பல்லாண்டு அங்கேயே கிடந்தன. 2021-இல் உயர் நீதிமன்றம் தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர ஆணையிட்டது. கல்லே இருக்கும்போது படி எதற்கு என்று கேட்காதீர்கள். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு அடித்த கோயில்களில் கல்லில் எழுத்து மழுங்கிவிட்டது. தாளில் மட்டும் மிச்சமிருக்கிறது.

ஆகவே என் கட்சி இது. மிக அரிய ஒன்றிரண்டைப் பெரிய காப்பகத்தில் கொடுங்கள், தவறில்லை. மற்றவை இந்த ஊரிலேயே இருக்கட்டும். இருப்பதற்கு ஓர் அறை வேண்டும். பெரிய கட்டடம் வேண்டாம், சரியான அறை வேண்டும். 1948-இல், சுதந்திர இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு உள்ளூர் ஆவண அலமாரி கேட்பது பிச்சை கேட்பதல்ல.

அறை எப்படி இருக்க வேண்டும்? கடல் பக்கச் சுவரை ஒட்டி வேண்டாம். கீழ்த்தளம் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர்கீழும் வேண்டாம். ஒன்றில் வெள்ளம், மற்றதில் ஒழுக்கும் வெக்கையும். நடுமாடி, உள்பக்க அறை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நம் கரையில் மழைக்கால விடியற்காலை 80-ஐத் தாண்டுவது சகஜம். உடனே, ஏசி போட்டுவிடலாம் என்பார்கள். காலை பத்து மணிக்குப் போட்டு மாலை ஐந்து மணிக்கு அணைக்கிற ஏசி, இல்லாத ஏசியைவிட மோசம். பகலெல்லாம் குளிர்ந்த புத்தகத்தின் மேல், அணைத்த பிறகு புகுகிற கடற்காற்று வியர்க்கும். தினமும் அந்த ஏற்ற இறக்கத்தில் தாள் விரிந்து சுருங்கும். இரவும் பகலும் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். மாறாத வெப்பம் ஏறி இறங்கும் குளிரைவிட மேல். நல்ல மூடியுள்ள இரும்புப் பெட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய ஸ்டீல் ரேக், அமிலமில்லாத அட்டைப் பெட்டி, ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவி. சிலிக்கா ஜெல் போடுவதானால் இறுக மூடிய பெட்டிக்குள் போடுங்கள். அறையில் கிண்ணத்தில் வைப்பது வங்காள விரிகுடாவைக் காய வைக்கப் பார்க்கிற வேலை.

பூச்சிக்கு நம் முன்னோர் வசம்பும் வேப்பிலையும் வைத்தார்கள். சரஸ்வதி பூஜைக்கு ஏடுகளை எடுத்துத் தூசி தட்டினார்கள். அந்தத் தூசி தட்டலில்தான் உண்மையான மருந்து இருந்தது என்பது என் எண்ணம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டையும் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிடுவார். செல் அரித்திருந்தாலும் ராமபாணம் துளைத்திருந்தாலும் அன்றே தெரிந்துவிடும். பாச்சை உருண்டையைத் தாளோடு போடாதீர்கள். நாற்றம் ஏறும், உங்கள் நுரையீரலுக்கும் நல்லதில்லை.

காட்சிக்கு வருவோம். மூலத்தைக் காட்டாதீர்கள், படியைக் காட்டுங்கள். நல்ல ஸ்கேன் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு, இது படி என்று எழுதி ஆண்டு முழுக்க மாட்டுங்கள். மூலத்துக்கு ஒரு திருநாள் வையுங்கள். மே தினத்தில் சங்க நோட்டீஸ், ஜூலை முதல் தேதி ரயில் படங்கள் என்று சில நாள் வெளியே வரட்டும். அன்று கூட்டம் வரும். தினமும் இருக்கிறதைப் பார்க்க யாரும் வருவதில்லை என்பது மியூசியம் காவலாளிகளுக்குத் தெரிந்த ரகசியம். கண்ணாடிப் பெட்டியைப் புது பிளைவுட்டில் செய்து, பெயின்ட் காயும் முன் பொருளை உள்ளே வைக்காதீர்கள். புது மரமும் புதுப் பெயின்டும் சில வாரம் ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியும் உங்கள் தாளும் மட்டும்தான். விளக்கைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். புகைப்படம் கண்ணாடியில் நேரடியாகப் படக் கூடாது. இந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே அட்டைச் சட்டம் கொடுங்கள்.

இப்போது அந்தப் பழைய வாக்குக்கு வருகிறேன்: பீரோவில் சிமென்ட். செல்லோ டேப், பெவிகால், ஜெராக்ஸ் கடை லேமினேஷன். அமராவதிக் கல்லுக்கு நடந்தது இந்த மூன்றாலும் உங்கள் பத்திரத்துக்கு நடக்கும். தேசிய ஆவணக் காப்பகம் ஒரு காலத்தில் தாளின் இருபுறமும் அசிடேட் படலமும் மெல்லிய டிஷ்யூவும் வைத்து அசிட்டோனால் ஒட்டியது. அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் அதே அசிட்டோனால் பிரிக்கவாவது முடியும். கடை லேமினேஷன் சூட்டில் உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். அமிலமும் உள்ளே, தாளும் உள்ளே, வெளியே வர இருவருக்கும் வழியில்லை. அதற்குப் பதில் பாலியெஸ்டர் உறை வாங்கி அதில் செருகுங்கள். வேண்டாதபோது உருவிவிடலாம்.

கடைசியாக வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குடியிருப்புகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. எண்ணெய் ஏறிய தாளை வீட்டில் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். அது கரைப்பான் தெரிந்தவர் கைக்குப் போக வேண்டியது. வெறும் தண்ணீரில் நனைந்ததைக் காப்பாற்ற இரண்டு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் காய வைக்க வேண்டும், மின்விசிறிக் காற்றில், நிழலில். காய வைக்க முடியாத அளவு இருந்தால் உறைய வைக்க வேண்டும். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. பிறகு மாதக்கணக்கில் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 1972-இல் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி மியூசியத்தின் நூலகம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நனைந்த புத்தகங்களை அந்த வட்டாரத்து உணவுக் குளிர்கிடங்குகளில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

குளிர்கிடங்குக்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். காசிமேட்டு இறாலும் வஞ்சிரமும் ஏற்றுமதிக்குப் போகுமுன் மைனஸ் 18 டிகிரியில் உறைகின்றன. அண்ணா நகரிலோ அடையாறிலோ இல்லாத வசதி இது. மழைக்கு முன்பே, அக்டோபரிலேயே, ஒரு கிடங்கு உரிமையாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளம் வந்தால் எங்கள் நூலகத்துக்கு நாலு கிரேட் இடம் வேண்டும் அண்ணே என்று. பாலிதீன் பையில் இறுகக் கட்டி, பெயரெழுதி அனுப்புங்கள். மீன் வாசனை வந்துவிடாதா என்று ஒரு அம்மா கேட்கிறார். பையைச் சரியாகக் கட்டினால் வராது. அப்படியே கொஞ்சம் வந்தாலும் ராயபுரத்து ஆவணம் ராயபுரம்போல் மணக்கட்டுமே, பூஞ்சணம்போல் மணப்பதைவிட அது தேவலை. பூச்சி அரித்த உலர்ந்த புத்தகத்துக்கும் இதே வைத்தியம்தான்: பையில் கட்டி இரண்டு வாரம் உறைய வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நம் காற்று வியர்த்துவிடும்.

நேரமாகிவிட்டது. பழைய படமும் காகிதமும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், பல பேர் கையில் பையைப் பார்க்கிறேன். இடதுபுற மேசைக்கு வாருங்கள். வெற்றிலை பாக்குப் போட்ட கையோடு யாரும் தொட வேண்டாம், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். சட்டம் போட்ட படங்களை நான் கழற்றுகிறேன், நீங்கள் கழற்றாதீர்கள். படத்தில் இருக்கிறவர்கள் யார், எந்த வருஷம், எந்த டிபார்ட்மென்ட் என்பதைப் பென்சிலால் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். படத்தின் முதுகில் பேனாவால் எழுத வேண்டாம். அந்தத் தாத்தாவை முதலில் விடுங்கள், அவரால் நிற்க முடியாது.